ஹார்டு டிஸ்க்கில் வந்த வாத்தியார்

2009-ல் விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு படித்தேன். ஹீட் டிரான்ஸ்ஃபர் எடுத்த சார் செமஸ்டர் பாதியில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புது ஆள் வரவில்லை. லைப்ரரியன்தான் கூப்பிட்டு, மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். ஹார்டு டிஸ்க்கில் ஐஐடி வகுப்புகள். திரையில் நின்றவர் மும்பை ஐஐடியின் சுகாத்மே. அதுவரை எனக்கு அவர் ஒரு புத்தக அட்டையில் இருந்த பெயர் மட்டுமே. புரியாவிட்டால் பின்னால் ஓட்டி மறுபடி கேட்கலாம். கை தூக்கக் கூசுகிறவனுக்கு அது போதும். அவருடைய ஆங்கிலம் பிடிபடத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

அந்த வகுப்புகளுக்கு என்பிடெல் என்று பெயர். 2001-ல் அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 2003-ல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மத்திய அரசுப் பணத்தில் என்பிடெல்லைத் தொடங்கின. ஒருங்கிணைத்தது சென்னை ஐஐடி, அப்போது எம்.எஸ். அனந்த் அதன் இயக்குநர். எம்ஐடி பெரும்பாலும் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் போட்டது. இங்கே பல பாடங்களுக்கு முழு வகுப்பையே படம்பிடித்தார்கள். பிடிக்காமல் முடியுமா? ஊருக்கு ஊர் பொறியியல் கல்லூரி முளைத்தது, வாத்தியார் முளைக்கவில்லையே.

2011-ல் ஸ்டான்ஃபோர்டு இணையத்தில் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவு கோர்ஸில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று என்னைக் கேளுங்கள். அடுத்த வருஷங்களில் நானும் நாலு கோர்ஸில் சேர்ந்தேன். ஒன்றையும் முடிக்கவில்லை. காசு கட்டாத வகுப்புக்கு மட்டம் போட யாரிடமும் லீவு லெட்டர் கொடுக்க வேண்டியதில்லை.

என்பிடெல் 2014-ல் சான்றிதழ் தேர்வு கொண்டுவந்தது. பாடம் இலவசம், தேர்வை நேரில் போய் எழுத ஆயிரம் ரூபாய். இப்போது நானே வாத்தியார், பார்த்துவிட்டேன்: அந்த ஆயிரத்தைக் கட்டிய பையன்தான் கடைசி வாரம்வரை வருகிறான். 2016-ல் யுஜிசி இத்தகைய கோர்ஸ்களின் மதிப்பெண்ணைப் பட்டத்தில் 20 சதவீதம்வரை சேர்க்க வழி செய்தது. மறுபக்கம் ஒன்றும் ஆரம்பித்தது. அசைன்மென்ட்டுக்குப் புதன் இரவு கெடு. செவ்வாயே விடைகள் டெலிகிராமில் சுற்றும். பையன்களை மட்டும் திட்ட மாட்டேன். சான்றிதழை எண்ணுகிற கல்லூரிகள் படிப்பை எண்ணுவதில்லை.

என்னால் ஆனது, திங்கள் சாயங்காலம் நாலரைக்கு லேபைத் திறந்து வைப்பது. இருபது பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம். அன்று எனக்குக் கிடைக்காத ஆள் இதற்குத்தான் வேண்டியிருந்தது: புரியாத இடத்தில் படத்தை நிறுத்தித் தமிழில் சொல்ல. இந்த வாரம் பதினொரு முறை நிறுத்தினேன்.