விட்டுக்கொடுத்த ஊதியமும் வாக்களிக்கப்பட்ட வளர்ச்சியும்: விமானிகளின் தொழிற்சங்க வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஒரு நிறுவனம் நெருக்கடியில் வீழ்ந்தபோதும், அது விரிவடைய முனைந்தபோதும், அதன் முகாமை ஊழியர்முன் வைக்கும் வேண்டுகோள் பெரும்பாலும் ஒரே வடிவினதாகவே இருந்து வந்துள்ளது. இன்று ஊதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள். நாளை நிறுவனம் வளரும். அவ்வளர்ச்சியில் உங்களுக்கும் பங்குண்டு என்பதே அது. 1978இன் பின்னர் விமானப் போக்குவரத்துத் துறையில் இவ்வேண்டுகோள் மீண்டும் மீண்டும் எழுந்தமையால், அதன் பெறுபேறுகளை ஒப்புநோக்கி ஆராயும் வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. விமானிகள் உழைப்பாளருள் உயர்ந்த ஊதியம் பெறுவோர். அவர்களது வரலாற்றை ஆராய்வதால் ஏனையோருக்கு விளையும் பயன் யாது என்ற வினா எழுவது இயல்பே. பேரம்பேசும் வலுவில் முதன்மை பெற்ற ஒரு பிரிவினருக்கு நேர்ந்தது யாதென அறிந்தால், அவ்வலு இல்லாதோரின் நிலை தானே விளங்கும் என்பதே நமது விடை.

களவெட்டியின் கணக்கு

இவ்வினாவை அணுகுவதற்கு நமது பிரதேசத்தின் வேளாண்மை உறவுகள் ஓர் அளவுகோலைத் தருகின்றன. சாகாமம் தொடக்கம் கல்முனை வரையிலான கரையோர நெல்வயல்களில், நிலவுடைமையாளரான போடியாருக்கும் நிலத்தில் உழைத்த வயற்காரருக்கும் இடையே நிலவிய உறவு சமத்துவமானதன்று. வித்துநெல்லும் உணவுக்கான முற்பணமும் விளைச்சலிலிருந்து முதலிற் கழிக்கப்பட்டன, எஞ்சியதே பங்கிடப்பட்டது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், அமைச்சர் பிலிப் குணவர்த்தனவின் முயற்சியால், நிலவுடைமையாளரின் பங்கை விளைச்சலின் நாலிலொன்றுக்கு மேற்படாதவாறு மட்டுப்படுத்த முயன்றது. அச்சட்டத்தைத் தொடர்ந்து நாட்டின் பல பாகங்களிலும் குத்தகையாளர் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டமையும் வரலாறே.

எனினும் அவ்வுறவில் ஓர் அம்சம் கவனத்திற்குரியது. சூடடித்து முடிந்ததும் பொலி களவெட்டியில் எல்லோர் கண்முன்னும் குவிந்து கிடந்தது. பங்கு அநீதியானதாயிருப்பினும், பங்கிடப்படும் பொருள் எவ்வளவு என்பது மறைக்கத்தக்கதன்று. மழை பொய்த்தால் குவியல் சிறுத்தது. விளைச்சல் பெருகினால் அது பெருத்தது. அளப்பவனின் கையையும் மரைக்காலையும் வயற்காரன் கண்டான். நவீன நிறுவனத்தில் ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் ஊழியனுக்கு இந்தக் காட்சியும் மறுக்கப்படுகிறது. அவன் விட்டுக்கொடுப்பது தொகையாகக் குறிக்கப்பட்டது, திகதியிடப்பட்டது. அவனுக்கு வாக்களிக்கப்படும் வளர்ச்சிக்கோ தொகையுமில்லை, திகதியுமில்லை. நாம் ஆராயப்போகும் நிகழ்ச்சிகள் யாவற்றிலும் இவ்வேறுபாடே அடிப்படையாய் அமைவதைக் காணலாம்.

பணிமூப்பு என்னும் பிணைப்பு

வளர்ச்சி என்ற சொல் விமானியைப் பிற ஊழியரிலும் வலுவாக ஈர்ப்பதற்குக் காரணம் அவரது தொழிலின் அமைப்பிலேயே உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் விமானியின் ஊதியம், அவர் செலுத்தும் விமானத்தின் வகை, வேலை நேரம், விடுமுறை ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் பணிமூப்புப் பட்டியலில் அவர் பெறும் இடத்தால் நிர்ணயிக்கப்படுகின்றன. நிறுவனம் புதிய விமானங்களை வாங்கினால் துணை விமானி விரைவில் தலைமை விமானியாவார். சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு உயர்வார். ஆகவே வளர்ச்சி என்பது அவருக்கு வெறும் முழக்கமன்று, பதவியுயர்வின் மறுபெயர்.

அதே பட்டியல் அவரைக் கட்டிப்போடவும் செய்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் வேறொரு நிறுவனத்துக்கு மாறினால் அங்கு பட்டியலின் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். வெளியேறும் வழி இவ்வாறு அடைபட்டிருப்பதால், நிறுவனத்தின் தலைவிதியே அவரது தலைவிதியாகிறது. முகாமையின் வேண்டுகோள் இந்த இரு உண்மைகளின் மீதுமே கட்டியெழுப்பப்பட்டது.

நிறைவேறிய வாக்குறுதி

1978 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து மீதான அரச கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் கட்டணங்களையும் பாதைகளையும் அரசே தீர்மானித்தது; கூலி உயர்வைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள இயன்றது. சட்டத்தின் பின்னர் குறைந்த கூலியுடன் தோன்றிய புதிய நிறுவனங்கள் பழைய நிறுவனங்களை நெருக்கின. 1981 ஓகஸ்டில் விமானக் கட்டுப்பாட்டாளரின் வேலைநிறுத்தத்தை அடக்குவதற்காக ஜனாதிபதி ரேகன் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கியமை தொழிற்சங்கங்களின் பேரவலுவை மேலும் தளர்த்தியது.

இச்சூழலில் 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான றொபேர்ட் கிரான்டல் விமானிகளின் சங்கத்திடம் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஏற்கெனவே பணிபுரிவோரின் ஊதியம் குறையாது. ஆனால் இனிச் சேர்க்கப்படுவோருக்குக் கணிசமாகக் குறைந்த ஊதிய அளவு வழங்கப்படும். அதனால் மிஞ்சும் பணத்தைக்கொண்டு நிறுவனம் விரிவடையும் என்பது அதன் சாரம். சங்கம் இசைந்தது. வாக்குறுதி நிறைவேறவும் செய்தது. 1980களில் அந்நிறுவனம் பெருவளர்ச்சி கண்டது. நூற்றுக்கணக்கான விமானங்கள் வாங்கப்பட்டன. பழைய விமானிகள் விரைந்து பதவியுயர்வு பெற்றனர்.

எனினும் இவ்வெற்றியின் உள்ளமைப்பு நோக்கத்தக்கது. வாக்களித்தோர் எதையும் இழக்கவில்லை. இழப்பு, அன்று வாக்களிக்கும் உரிமையற்றிருந்தோர் மீது, அதாவது இன்னும் வேலைக்கே சேராதோர் மீது சுமத்தப்பட்டது. ஒரே விமானி அறையில் ஒரே வேலையைச் செய்யும் இருவர் வெவ்வேறு ஊதியம் பெறலாயினர். நிறுவனம் வளர வளரக் கீழ் அளவினரின் தொகையும் வளர்ந்தது; இரு அளவுகளையும் ஒன்றாக்குதலே பின்வந்த பேச்சுவார்த்தைகளின் பெரும் பிரச்சினையாயிற்று. வளர்ச்சியின் பொருட்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட பிளவு, வளர்ச்சியினாலேயே சங்கத்துள் விரிந்தது.

மேலும் ஒரு திருப்பம் 1997 பெப்ரவரி 15ஆம் திகதி நிகழ்ந்தது. அன்று நள்ளிரவு கடந்ததும் அந்நிறுவன விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சில நிமிடங்களிலேயே ஜனாதிபதி கிளின்டன் தமது அதிகாரத்தைப் பயன்படுத்தி அதனை நிறுத்தினார். பிணக்கின் மையம், புதிதாக வாங்கவிருந்த சிறிய ஜெட் விமானங்களை யார் செலுத்துவது என்பதாகும். அவற்றைக் குறைந்த ஊதியம் வழங்கும் துணை நிறுவனத்தின் விமானிகளிடம் ஒப்படைக்க முகாமை விரும்பியது. வளர்ச்சி வந்தது; ஆனால் விட்டுக்கொடுத்தவரின் வயலுக்குள் அன்றி வரம்புக்கு அப்பால் வந்தது எனலாம்.

பங்குடைமையும் அதன் எல்லையும்

வாய்மொழி வாக்குறுதியை நம்ப மறுத்த சங்கங்கள் நிறுவனத்தின் பங்குகளையே கோரின. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஊழியர் 1983இன் இறுதியில் 18 முதல் 22 வீதம் வரையிலான ஊதியக் குறைப்பை ஏற்று, நிறுவனத்தின் நாலிலொரு பங்கையும் பணிப்பாளர் சபையில் இடங்களையும் பெற்றனர். ஆனால் 1986இல் அந்நிறுவனம் ஃபிராங்க் லொரென்சோவின் டெக்சாஸ் எயார் குழுமத்துக்கு விற்கப்பட்டபோது நாலிலொரு பங்கு அதைத் தடுக்கப் போதவில்லை. லொரென்சோ 1983இல் கொண்டினென்டல் நிறுவனத்தை வங்குரோத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்று, தொழிற்சங்க ஒப்பந்தங்களைக் கைவிட்டு, ஊதியங்களைச் சரிபாதியளவுக்கு வெட்டியவர். 1989இல் ஈஸ்டர்னில் வேலைநிறுத்தம் வெடித்தது. 1991 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டது.

யுனைட்டட் ஏர்லைன்ஸ் ஊழியர் மேலும் ஒரு படி சென்றனர். 1994இல் ஏறத்தாழ 490 கோடி டொலர் பெறுமதியான விட்டுக்கொடுப்புகளுக்கு ஈடாக நிறுவனத்தின் 55 வீதப் பங்குகள் விமானிகள் உள்ளிட்ட ஊழியர் பிரிவினருக்குக் கிடைத்தன. விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் அடங்கிய பிரிவினர் இதிற் சேரவில்லை. பெரும்பான்மைப் பங்கு கையிலிருந்தும் அன்றாட முகாமை கைமாறவில்லை. 2002 டிசம்பரில் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது, பங்குகள் மதிப்பற்றுப்போயின. 2005இல் ஓய்வூதியத் திட்டங்களும் கைவிடப்பட்டு அரச காப்புறுதி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஊதியத்தையும் சேமிப்பையும் முதுமைக்கால வருவாயையும் ஒரே நிறுவனத்தில் இட்டவருக்கு அந்நிறுவனம் சரிந்தபோது மூன்றும் ஒருங்கே சரிந்தன.

2003இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நிகழ்ந்ததும் இங்கு குறிப்பிடத்தக்கது. வங்குரோத்தைத் தவிர்ப்பதற்கென மூன்று சங்கங்களும் பெரும் ஊதியக் குறைப்புக்கு வாக்களித்தன. அதேவேளையில் உயர் அதிகாரிகளுக்குச் சிறப்பு ஊக்கத்தொகையும் பாதுகாக்கப்பட்ட ஓய்வூதிய நிதியும் ஒதுக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளியாயிற்று. எதிர்ப்பு வலுத்ததால் தலைவர் டொன் கார்டி அவ்வாண்டு ஏப்ரலில் பதவி விலகினார். கணக்கேட்டைக் காணாது கொடுக்கப்பட்ட சம்மதம் எத்தகையது என்பதற்கு இது தக்க சான்று.

இந்திய அனுபவம்

அயல்நாடான இந்தியாவில் இப்பிரச்சினை வேறொரு வடிவெடுத்தது. 2005இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் நிறுவனம் விரைவான விரிவாக்கத்தையே தன் அடையாளமாகக் கொண்டிருந்தது. 2012 ஒக்டோபரில் அதன் சேவைகள் நின்றபோது ஊழியருக்குப் பல மாத ஊதியம் நிலுவையில் இருந்தது.

1993இல் சேவையைத் தொடங்கிய ஜெட் ஏர்வேய்ஸின் வரலாறு மேலும் விளக்கமானது. 2018 ஓகஸ்டில் அதன் முகாமை விமானிகளிடம் ஊதியக் குறைப்பைக் கோரியது, விமானிகள் மறுத்தனர். ஆனால் அவர்கள் எழுத்தில் மறுத்ததை நடைமுறையில் இழந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து ஊதியம் தாமதமாகவும் பகுதி பகுதியாகவும் வழங்கப்பட்டு, பின்னர் நின்றேபோனது. 2019 ஏப்ரல் முதலாம் திகதி முதல் பறப்பதில்லை என்ற தீர்மானத்தை விமானிகளின் சங்கம் மேற்கொண்டது. மீட்சித் திட்டமொன்று பேசப்பட்டமையால் அதனை ஏப்ரல் 15 வரை ஒத்திவைத்தது. ஏப்ரல் 17ஆம் திகதி அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குச் சென்ற விமானத்துடன் நிறுவனமே நின்றது. பகுதி ஊதியத்தை விட்டுக்கொடுக்க மறுத்தவர்கள் முழு ஊதியத்தையும் கடனாகக் கொடுத்திருந்தனர் என்பதே இதன் பொருள்.

அவர்கள் ஏன் வெளியேறவில்லை? பலர் வெளியேறவே செய்தனர். ஆயினும் 2017இல் இந்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் தலைமை விமானிகளுக்கு ஓராண்டும் துணை விமானிகளுக்கு ஆறு மாதமும் முன்னறிவித்தற் காலம் என விதித்திருந்தது. ஊதியம் வழங்காமல் இருப்பதற்குக் கிடைத்த காலம் போல, விலகிச் செல்வதற்கான சுதந்திரம் தாராளமாகக் கிடைக்கவில்லை.

பின்னர் நடந்தவை சட்டத்தின் பார்வையை வெளிப்படுத்துகின்றன. 2019 ஜூனில் நிறுவனம் வங்குரோத்து நடவடிக்கைக்குட்பட்டது. வங்கிகள் பிணைபெற்ற கடன்கொடுத்தோராக முன்வரிசையில் நின்றன. சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பெறுவதற்கே ஊழியர் மேன்முறையீட்டு மன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2022இல் அங்கு கிடைத்த தீர்ப்பை 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இறுதியில், நிறுவனத்தை மீட்கும் திட்டம் தோல்வியுற்றதெனக் கண்டு, 2024 நவம்பர் 7ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதனைக் கலைக்குமாறு கட்டளையிட்டது.

இலங்கை நிலை

நம் நாட்டில் நிறுவனத்தின் உடைமையாளர் பெரும்பாலும் அரசே. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் பறக்கத் தொடங்கியது. கல்லோயாவும் ஒருகாலத்தில் அதன் உள்நாட்டுச் சேவைத் தரிப்பிடங்களுள் ஒன்றாக விளங்கியது. 1979இல் அது மறைந்து ஏர் லங்கா தோன்றியது. 1998இல் எமிரேட்ஸ் நிறுவனம் பங்குகளை வாங்கி முகாமைப் பொறுப்பையும் ஏற்றது. 2008இல் அம்முகாமை உடன்படிக்கை முடிவுற்றது. 2010இல் அரசு அப்பங்குகளை மீள வாங்கியது. ஒவ்வொரு மாற்றமும் வளர்ச்சியின் பெயராலேயே அறிவிக்கப்பட்டது. தொடர்ந்த நட்டத்தையோ பொதுமக்கள் சுமந்தனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சென்றனர்.

விமானிக்கு அவ்வழியேனும் இருந்தது. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதன் பின்னர், உற்பத்தித்திறன் உயராமல் கூலி உயர்வு இயலாது என்ற வாதத்தை மலையகத் தொழிலாளர் தொடர்ந்து கேட்டுவந்தனர். நாட்கூலி ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்படுவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. உரிமம் கைவசமுள்ள விமானியிடம் கூறப்பட்டதும் கொழுந்துக் கூடையுடன் மலையேறிய பெண்ணிடம் கூறப்பட்டதும் சாராம்சத்தில் ஒரே வாதமே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து, விட்டுக்கொடுப்பு எந்நிலையிலும் தவறானது என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. விமான நிறுவனங்கள் உண்மையாகவே பணமின்றித் தவிக்கும் காலங்கள் உண்டு; நிறுவனம் மூடப்படுவதால் ஊழியனே முதலிற் பாதிக்கப்படுகிறான். வாக்குறுதிகள் யாவும் பொய் என்றும் கூறவியலாது; 1983இன் வாக்குறுதி நிறைவேறியது. ஆகவே "வளர்ச்சி வருமா" என்ற வினாவுடன் தொழிற்சங்கங்கள் நின்றுவிடுதல் போதாது. வரும் வளர்ச்சியை அளப்பவர் யார், அது யாருடைய கணக்கிற் சேரும் என்பதே முதன்மையான வினா.

விட்டுக்கொடுத்த ஊதியம் உண்மையில் ஒரு கடன். வங்கியொன்று கடன் கொடுக்குமுன் கணக்கேட்டைப் பார்க்கிறது, பிணை கேட்கிறது, திருப்பிச் செலுத்தும் திகதியைக் குறிக்கிறது, நிறுவனம் சரிந்தால் தனக்குரிய முன்னுரிமையை உறுதிசெய்கிறது. ஊழியனிடமிருந்து இந்நான்கும் இன்றியே கடன் பெறப்படுகிறது. அதற்குத் தியாகம் என்ற பெயரும் சூட்டப்படுகிறது. கணக்குகளைச் சுயாதீனமாக ஆராயும் உரிமை, ஊதியம் மீளும் திகதி, புதிய வேலைகள் துணை நிறுவனங்களுக்கு மாற்றப்படாமைக்கான உறுதி, உயர் அதிகாரிகளின் சமமான பங்களிப்பு, நாளை சேரவிருப்போர் மீது சுமையை ஏற்றாமை ஆகியவற்றை நிபந்தனைகளாக்காத சம்மதம் பேரம் ஆகாது. இவற்றைக் கோரும் சங்கம் நிறுவனத்தின் பகைவன் அன்று. தான் கொடுக்கும் கடனின் பெறுமதியை அறிந்த சங்கம் எனவே கொள்ளத்தகும்.