சாட்சியம் பிறழ்ந்த தேர்தல்: கென்யா 2007

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழி அரபியிலிருந்து ஏராளமான சொற்களை ஏற்றுத் தனதாக்கிக்கொண்ட மொழி. செய்தியை அம்மக்கள் 'ஹபாரி' என்பர். அது 'கபர்' என்பதன் வழிவந்தது. பிளவையும் கலகத்தையும் 'ஃபிதினா' என்பர்; அது 'ஃபித்னா'. சாட்சியத்தை 'உஷாஹிதி' என்பர். 'ஷஹாதத்' பிறந்த வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. 2007 டிசம்பரில் கென்யாவில் நடந்த தேர்தலின் வரலாற்றை இம்மூன்று சொற்களைக் கொண்டே விளக்கிவிடலாம். சாட்சியம் கூற வேண்டியவர் வாய்மூடும்போது விசாரிக்கப்படாத கபர் அரசோச்சுகிறது. அதன் முடிவு ஃபித்னாவாகிறது.

பகையின் வித்துகள் பழமையானவை. ஆங்கிலேயர் ஆட்சியில் குடியேறிய வெள்ளையர் வசமிருந்த ரிஃப்ட் பள்ளத்தாக்கு நிலங்கள், விடுதலைக்குப் பின் எவரைச் சென்றடைந்தன என்பது கலென்ஜின், கிகூயு மக்களிடையே ஆறாப் புண்ணாக இருந்தது. 1992, 1997 தேர்தல்களின்போதும் அங்கே இரத்தம் சிந்தியது. 2005 நவம்பரில் புதிய அரசியல் சாசனத்தின்மீது நடந்த பொதுவாக்கெடுப்பில் வாழைப்பழச் சின்னம் ஆதரவையும் ஆரஞ்சுச் சின்னம் எதிர்ப்பையும் குறித்தன. ஆரஞ்சு வென்றது. அந்த அணியே ரைலா ஒடிங்காவின் தலைமையில், அதிபர் மவாய் கிபாகியை எதிர்த்து 2007இல் களமிறங்கியது.

இத்தேர்தலில் முஸ்லிம்களைத் தொட்ட நிகழ்வொன்று நம் கருத்துக்குரியது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சோமாலியப் போரிலிருந்து தப்பி வந்தோர் பலர் கென்யாவில் பிடிக்கப்பட்டு, முறையான விசாரணையின்றிச் சோமாலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து பலர் எத்தியோப்பியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இதனால் கொதித்திருந்த முஸ்லிம் தலைவர்களின் தேசிய மன்றம், ஆகஸ்ட் 29 அன்று ஒடிங்காவுடன் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. சமூகத்திற்கு எதிரான பாகுபாட்டை அகற்றுவதே அதன் சாரம். ஆனால் அதன் வாசகம் உடனே வெளியிடப்படவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு போலி ஆவணம் புகுந்தது. ஒடிங்கா ஷரீஅத் சட்டத்தை நடைமுறைப்படுத்தவும் கிறித்தவப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தவும் ஒப்புக்கொண்டார் என்று அது கூறியது. மின்னஞ்சல் வழியாகவும் தேவாலயங்கள் வழியாகவும் அது நாடெங்கும் பரவியது. மெய்யான ஆவணம் நவம்பர் இறுதியில் வெளிவந்தபோது பொய் தன் பயணத்தை முடித்திருந்தது.

செய்தியைக் கேட்பவர் தீர விசாரித்தறிய வேண்டும் என்னும் 'தபய்யுன்' நெறியை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். அதன் மறுபாதியை மறந்துவிடுகிறோம். உண்மையைக் கையில் வைத்திருப்பவர் அதை மறைத்தலாகாது என்பதே அந்த மறுபாதி. சாட்சியத்தை மறைத்தலை மார்க்க அறிஞர்கள் பெரும் பிழைகளுள் ஒன்றாக எண்ணியது காரணமின்றி அன்று. போலியைப் படைத்தவர்களின் குற்றம் பெரிது. எனினும் அதற்கு இடமளித்தது மூடிவைக்கப்பட்ட உண்மையே.

இதே பிழை டிசம்பர் இறுதியில் நாட்டளவில் நிகழ்ந்தது. 27ஆம் நாள் வாக்குப்பதிவு அமைதியாகவே முடிந்தது. தொடக்கத்தில் ஒடிங்கா முன்னிலை வகித்தார். பிறகு முடிவுகள் தாமதமாயின. 30ஆம் நாள் மாலை கிபாகி ஏறத்தாழ 2,32,000 வாக்குகளால் வென்றதாக அறிவிக்கப்பட்டு, உடனடியாகப் பதவியேற்றார். அன்றே நேரடி ஒளிபரப்புகளுக்கும் தடை வந்தது. சில நாள்களில் தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு, கிபாகி வென்றாரா என்பது தமக்கே தெரியாது என்றார். தேசத்தின் முதற் சாட்சி இவ்வாறு பேசியபின் வானொலியின் வசைமொழிகளும் குறுஞ்செய்தி வதந்திகளுமே மக்களுக்குச் சாட்சியாயின.

2008 ஜனவரி முதல் நாள் எல்டோரெட் அருகே கியாம்பாவில் தஞ்சமடைந்திருந்தோருடன் ஒரு தேவாலயம் கொளுத்தப்பட்டது. மாத இறுதியில் நைவாஷாவில் பழிதீர்ப்பாக வீடுகளுக்குள் குடும்பங்கள் எரிந்தன. நீதிபதி வாகி ஆணையம் பதிவுசெய்த இறப்புகள் 1,133. அவற்றுள் 405 துப்பாக்கிச் சூட்டால் நேர்ந்தவை. இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். கோஃபி அன்னானின் நடுநிலை முயற்சியால் பிப்ரவரி 28 அன்று உடன்பாடு ஏற்பட்டது.

அக்கொடிய நாள்களில் சாட்சியத்தை மீட்க முனைந்தோரும் இருந்தனர். இளைஞர் சிலர், எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் அனுப்பிய தகவல்களை வரைபடத்தில் பதியும் கணினித் தளமொன்றை ஜனவரியில் அமைத்து, அதற்கு 'உஷாஹிதி' என்றே பெயரிட்டனர். வஜீர் நகரின் முஸ்லிம் பெண்மணி தேகா இப்ராஹீம் அப்தி, முன்னாள் இராணுவத் தளபதிகளுடனும் அரசதந்திரியொருவருடனும் இணைந்து அமைதிக்கான குடிமக்கள் குழுவை நிறுவினார். 1990களில் குலப்போரால் பிளவுண்ட வஜீரில், எக்குலத்தவரும் சந்தையில் அச்சமின்றி வாங்கவும் விற்கவும் வழிசெய்த பெண்களுள் அவர் ஒருவர். 2011இல் விபத்தில் காயமுற்று மறைந்தார்.

பின்வரலாறும் சாட்சிகளின் வரலாறே. வெற்றியாளர் யார் என்பதை நிறுவவே இயலாது என 2008இல் கிரீக்ளர் ஆணையம் முடிவுகூறியது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்குகள் எவருக்கும் தண்டனையின்றி நின்றன. 2016இல் கடைசி வழக்கு கைவிடப்பட்டபோது, சாட்சிகள் கலைக்கப்பட்டதை நீதிபதிகளே சுட்டினர். 2022 தேர்தலிலோ வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்கள் எவரும் காணுமாறு இணையத்தில் வைக்கப்பட்டன. அப்போதும் தகராறு எழுந்தது. ஆணையர் நால்வர் முடிவை ஏற்கவில்லை. ஆயினும் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 2008இன் பேரழிவு மீளவில்லை.

வதந்தியை வசைபாடி ஒழித்தவர் எவருமில்லை. உண்மையை உரிய நேரத்தில், உரியவர் வாயால், அனைவரும் காண முன்வைப்பதே அதற்கு மருந்து. தன் ஆவணங்களைத் திறந்து வைக்கும் சமூகமே பிறரிடம் நேர்மையான விசாரணையைக் கோரும் தகுதியைப் பெறுகிறது.