பல்லை எண்ணுவதிலிருந்து ஆளைக் கேட்பதுவரை: தீவகத்துக்கு ஒரு வினாக்கொத்து

வாய்ச் சுகாதார ஆய்வு நெடுங்காலம் வைத்தியரின் கண்ணையே நம்பியிருந்தது. 1938இல் அமெரிக்காவில் கிளைன், பாமர், நட்சன் ஆகியோர் கொண்டுவந்த சுட்டெண், சொத்தையான, இழந்த, அடைத்த பற்களைக் கூட்டிச் சொன்னது. மிச்சமிருக்கும் பற்களால் சாப்பிட ஏலுமா, நாலு பேர் முன்னால் சிரிக்க முடிகிறதா என்பதற்கு அதில் இடமில்லை. 1976இல் கோஹனும் ஜாகோவும் இந்தக் குறையை எழுப்பினர். 1988இல் டேவிட் லாக்கர், வாய்நோய் எப்படி நோவாகி, இயலாமையாகி, சமூக வாழ்வையே முடக்குகிறது என்பதைப் படிமுறையாக வகுத்தார்.

அந்த அடித்தளத்தில் அவுஸ்திரேலியாவில் ஸ்லேடும் ஸ்பென்சரும் 1994இல் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டனர். 64 பல் நோயாளர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் சொன்ன 535 கூற்றுகளிலிருந்து 49 கேள்விகளை வடித்திருந்தனர். 1997இல் ஸ்லேட் அவற்றை 14 ஆகச் சுருக்கினார்: ஏழு பரப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, உச்சம் 56. இலங்கையில் ஏகநாயக்கவும் பெரேராவும் அதன் சிங்கள வடிவத்தை முதியோருக்காகச் சரிபார்த்து 2003இல் வெளியிட்டனர். தமிழிலோ, முதியோருக்கென உருவான 12 கேள்விகள் கொண்ட வேறொரு வினாக்கொத்து சென்னையில் சோதிக்கப்பட்டது.

சென்னையில் தேறிய தாளையோ ஸ்லேடின் பதினான்கு கேள்விகளையோ யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அப்படியே கொண்டுபோகலாமா? இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பது, மூலத்தைப் பாராதவர் அதைத் திருப்பி மொழிபெயர்ப்பது, நிபுணர் குழு, 30–40 பேரிடம் முன்சோதனை என்ற ஒழுங்கைப் பீட்டன் குழுவினர் 2000இல் வகுத்தனர். அதைப் பின்பற்றி, குரோன்பாக் ஆல்பா 0.70ஐத் தாண்டியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைத்தான் அந்த எண் காட்டும். கேட்கவேண்டியதைக் கேட்டோமா என்பதை அது சொல்லாது.

தீவகத்தில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சாப்பிடச் சிரமமா என்று பொதுவாகக் கேட்டால், சோற்றைக் குழைத்து விழுங்கப் பழகிய முதியவர் இல்லை என்பார். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலைக் கடித்து எவ்வளவு காலம் என்று கேட்டால் கதை வேறாக வரும். வயது போனால் பல்லுப் போகும் என்று எண்ணுபவர் எல்லாவற்றுக்கும் 0 சொல்லக்கூடும். விடையளித்தோரில் 15 வீதத்துக்கு மேற்பட்டோர் அடிப்புள்ளியிலேயே நின்றால் கருவியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது டெர்வீ குழுவினரின் 2007ஆம் ஆண்டு அளவுகோல். அந்த 0 சுகத்தால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்பதை வாய்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டே பிரித்தறியலாம்.

'கடந்த பன்னிரண்டு மாதங்களில்' என்ற கால எல்லையும் நினைவில் நழுவும். நயினாதீவில் நாகபூஷணி அம்மன் திருவிழாவையும், ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கரிடம் கோயில் பெருநாளையும் அடையாளமாகச் சொல்லிக் கேட்பது நல்லது. மறுசோதனைக்கு வழக்கமாக இரண்டு வாரம் விடுவார்கள். அதற்குள் நெடுந்தீவுக்காரர் ஒருவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, யாழ்ப்பாணம் போய்ப் பல்லைப் பிடுங்கிவந்தால் விடை மாறுவது இயல்பே; நம்பகத்தன்மைக் கணக்கில் அவரைச் சேர்க்கக்கூடாது. கடல் கொந்தளிக்கும் மாரியில் ஆய்வாளரே குறித்த நாளில் கரைசேர முடியாது என்பதால் களவேலையைக் கோடையில் வைப்பதே புத்தி.

ஸ்லேடின் பதினான்கு கேள்விகளையும் தீவகத்துக்கேற்ப மாற்றி எழுதலாம் என்போரும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. மாற்றினால் 2003ஆம் ஆண்டுச் சிங்கள வடிவத்தின் புள்ளிகளோடு ஒப்பிட வழியிருக்காது. பதினான்கையும் பொருள் பிசகாமல் யாழ்ப்பாணப் பேச்சில் வைத்து, புழுக்கொடியல் போன்ற உள்ளூர்க் கேள்விகளைத் தனிப் பின்னிணைப்பாகக் கேட்டு, அவற்றின் புள்ளியை 56இல் கலக்காமல் விடலாம்.