பாய்மரப் படகில் போய் மலை ஏறும் பந்தயம்: எஞ்சின் போட்டால் போச்சு! விதிமுறைகள் முழு விவரம்

கோவை:

கடலில் பாய்மரப் படகு, கரையில் மலை ஓட்டம். இரண்டையும் ஒரே குழு, ஒரே பந்தயமாக முடிக்க வேண்டும். படகு நின்றதும் ஓட வேண்டும். ஓடி முடித்ததும் படகில் ஏற வேண்டும். ராத்திரி, பகல் கணக்கே கிடையாது.

இப்படி ஒரு பந்தயம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் பல வருஷமாக பிரபலம். கோவையில் இருந்து கடல் தூரம்தான். ஆனால் மலை பக்கத்திலேயே இருக்கிறது. காந்திபுரம் பஸ் நிலையத்தில் பூண்டி பஸ்சுக்கு நிற்கும் வெள்ளியங்கிரி பக்தர்கள் கூட்டத்தைப் பார்த்தாலே இது தெரியும். 2013-ம் ஆண்டு முதல் கோவை மாரத்தானும் நடப்பதால் ஓடுகிற இளைஞர்களுக்கும் குறைவில்லை. எனவே இந்தப் பந்தயத்தின் விதிகளைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. மலைக்குப் போகும் யாருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

நந்தாதேவி ஏறியவர்

இந்தப் பந்தயத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் பில் டில்மன் என்ற இங்கிலாந்துக்காரர். 1936-ம் ஆண்டு நம் நாட்டு நந்தாதேவி சிகரத்தில் (7,816 மீட்டர்) முதன்முதலாக ஏறிய இருவரில் ஒருவர். வயதான பிறகும் சும்மா இருக்கவில்லை. பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, தென் அமெரிக்கா, கிரீன்லாந்து என்று போய், கரையில் இறங்கி அங்குள்ள மலைகளில் ஏறினார்.

அவர் வசித்த வேல்ஸ் நாட்டு பார்மவுத் ஊரில் டாக்டராக இருந்த ராப் ஹாவொர்த், இதையே ஒரு பந்தயமாக நடத்தினால் என்ன என்று யோசித்தார். 1977-ம் ஆண்டு 'மூன்று சிகரங்கள் படகுப் பந்தயம்' பிறந்தது.

அதே ஆண்டு நவம்பரில், 79 வயது டில்மன் சென்ற படகு பிரேசிலில் இருந்து ஃபாக்லாந்து தீவுகளை நோக்கிக் கிளம்பியது. படகும் வரவில்லை, அதில் போனவர்களும் திரும்பவில்லை.

எவ்வளவு தூரம்?

மூன்று சிகரங்கள் பந்தயம் பார்மவுத்தில் தொடங்கி ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் வரை. கடலில் மட்டும் 389 கடல் மைல். அதாவது சுமார் 720 கிலோமீட்டர். காந்திபுரத்தில் பஸ் ஏறி சென்னை போய், திரும்பி உளுந்தூர்பேட்டை தாண்டி வருகிற தூரம்.

வழியில் ஏற வேண்டிய சிகரங்கள் 3:

* ஸ்னோடன் (1,085 மீட்டர்). வேல்ஸ் நாட்டின் உயரமான மலை.
* ஸ்கேஃபெல் பைக் (978 மீட்டர்). இங்கிலாந்தின் உயரமான மலை. மலை கடற்கரையில் இருந்து தள்ளி இருப்பதால் கொஞ்ச தூரம் சைக்கிள் மிதிக்கவும் அனுமதி தந்தார்கள்.
* பென் நெவிஸ் (1,345 மீட்டர்). ஸ்காட்லாந்தின் உயரமான மலை.

'ப்பூ, இவ்வளவுதானா? நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டராச்சே' என்று நினைக்கலாம். ஆனால் இவர்கள் பாதி மலை வரை காரில் போவதில்லை. கடல் மட்டத்தில் இருந்து ஏற வேண்டும். ஸ்னோடன் ஓட்டம் மட்டும் 24 மைல். அதாவது 38 கிலோமீட்டர். காந்திபுரத்தில் இருந்து மேட்டுப்பாளையம் போகும் தூரத்தை, நடுவில் ஒரு மலையையும் ஏறி இறங்கி ஓட வேண்டும்.

இன்னொன்று 'ஸ்காட்லாந்து தீவு சிகரங்கள் பந்தயம்'. 1983-ல் தொடங்கியது. மே மாதம் நடக்கும். ஓபன் ஊரில் ஒரு சின்ன ஓட்டத்துடன் தொடங்கி மல், ஜூரா, ஆரன் என்ற 3 தீவுகளில் மலை ஏறி, ட்ரூன் துறைமுகத்தில் முடியும். கடலில் சுமார் 160 மைல், ஓட்டம் சுமார் 60 மைல். காந்திபுரத்தில் இருந்து ஏறத்தாழ ஈரோடு வரை ஓடுகிற தூரம் இது. ஏறும் உயரத்தை எல்லாம் கூட்டினால் 11 ஆயிரம் அடிக்கும் மேல் வரும்.

முக்கிய விதிகள்

1. ஆட்கள்: ஸ்காட்லாந்து பந்தயத்தில் ஒரு குழுவுக்கு 5 பேர். 3 பேர் படகு ஓட்டுபவர்கள், 2 பேர் மலை ஓடுபவர்கள். நடுவில் ஆளை மாற்றி புது ஆளை ஏற்ற முடியாது.

2. எஞ்சின் கூடாது: படகில் எஞ்சின் இருக்கும். ஆனால் பந்தயத்தில் ஓட்டுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. துறைமுகத்துக்குள் திருப்புவது போன்ற இடங்களில் மட்டும் விதிவிலக்கு தருவார்கள். காற்று இருந்தால் பாய் விரிக்கலாம். காற்று விழுந்தால் என்ன செய்வது? துடுப்பு போடலாம். வழக்கமான பாய்மரப் பந்தயங்களில் துடுப்புக்குத் தடை. இங்கே அனுமதி உண்டு. அதனால் மலை ஏறி இறங்கி கால் ஓய்ந்த ஓட்டக்காரரும் படகுக்கு வந்து துடுப்பு வலிக்க வேண்டியதுதான்.

3. ஜோடி பிரியக் கூடாது: ஓடும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே வர வேண்டும். ஒருவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயன் இல்லை. இருவரில் மெதுவாக ஓடுபவரின் நேரம்தான் குழுவின் நேரம்.

4. பை சோதனை: மலைக்குக் கிளம்பும் முன் பையைத் திறந்து காட்ட வேண்டும். மழை, காற்று தாங்கும் உடை, வரைபடம், காம்பஸ், விசில், அவசரத்துக்குச் சாப்பாடு. இவை அந்த ஊர் மலை ஓட்டங்களில் வழக்கமாகக் கேட்கப்படுபவை. ராத்திரி ஓடினால் தலையில் கட்டும் டார்ச். ஒன்று குறைந்தாலும் சிக்கல்தான்.

5. சோதனைச் சாவடி: மலை உச்சியிலும் வழியிலும் ஆட்கள் நிற்பார்கள். அவர்களிடம் எண்ணைப் பதிவு செய்யாமல் அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது. எந்த ஜோடி எங்கே இருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்து கொண்டே இருக்கும்.

6. விலகினால் சொல்ல வேண்டும்: 'முடியலப்பா' என்று பாதியில் விட்டுவிட்டு சொல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. நேராக வந்து தகவல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மீட்புக் குழுவினர் இல்லாத ஆளைத் தேடி மலை முழுக்க அலைவார்கள்.

உதவுவதே முதல் விதி

உலகம் முழுக்க பாய்மரப் பந்தயங்களுக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. 4 ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். சென்னையைச் சேர்ந்த ஒலிம்பிக் வீராங்கனை நேத்ரா குமணன் போட்டி போடுவதும் இந்தப் புத்தகப்படிதான்.

அதில் முதல் விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியைச் செய்ய வேண்டும் என்பது. எப்படி ஜெயிப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. உதவப் போய் ஒரு படகு பின்தங்கினால், அந்த இழப்பைச் சரிக்கட்டச் சொல்லி நடுவர்களிடம் கேட்கலாம். ஆகவே 'நின்னா தோத்துடுவோம்' என்று சாக்கு சொல்ல முடியாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், வழி அப்படி. ஜூரா தீவுக்கு வடக்கே கோரிவ்ரெக்கன் என்ற பயங்கர நீர்ச்சுழல் இருக்கிறது. வேல்ஸ் கரையில் மெனாய் ஜலசந்தியில் நீரோட்டம் தணியும் நேரம் பார்த்துத்தான் படகை விட முடியும். மலையிலோ பத்து நிமிஷத்தில் மூடுபனி இறங்கிவிடும்.

நம்ம ஊர் நிலவரம்

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துத்தான் கற்க வேண்டி இருந்தது. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னையில் இருந்தும், ஈரோடு, திருப்பூர் பகுதியில் இருந்தும் மலையேறப் போனவர்கள் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறை கொண்டு வந்தது.

2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். கோவை மாவட்டத்தில் சாடிவயல்-சிறுவாணி, டாப்சிலிப்-பண்டாரவரை போன்றவை அதில் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் வழக்கு பாயும்.

வெள்ளியங்கிரி 7 மலை ஏறும்போது 2024 சீசனில் பக்தர்கள் பலர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலியால் இறந்தனர். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக் கொண்டது. அடிவாரத்தில் பையைச் சோதித்து பிளாஸ்டிக்கை வாங்கி வைக்கிறார்கள். ஆனால் கூட வந்தவர் எந்த மலையில் இருக்கிறார் என்று பார்ப்பது அந்தந்தக் குழுவின் பொறுப்பாகவே இருக்கிறது.

பத்துப் பேராக ஒரே வேனில் போய், ஏறும்போது ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்து, 'மேல போய் பார்த்துக்கலாம்' என்று விடுவது நம் ஊர் வழக்கம். பின்தங்குகிறவர் பெரும்பாலும் உடம்பு முடியாதவராக இருப்பார். அவருக்கு மூச்சு வாங்கும்போது பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்காது.

படகு தேவையில்லை, பரிசும் தேவையில்லை. இரண்டு இரண்டு பேராகப் போவது, மெதுவாக நடப்பவரின் வேகத்துக்கே நடப்பது, விசிலும் டார்ச்சும் வைத்துக் கொள்வது, பாதியில் திரும்பினால் சொல்லிவிட்டுத் திரும்புவது. பந்தய விதிகளில் இந்த நான்கையும் கடைப்பிடிக்க ஒரு விசில், ஒரு டார்ச் வாங்கும் காசைத் தவிர வேறு செலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.