இணங்கவைக்கும் உத்திகள்

இணங்கவைக்கும் உத்திகள் என்பன, ஒரு கருத்தை ஏற்கவோ ஒரு பொருளை வாங்கவோ கேட்பவர் தாமாகவே முன்வரும்படி செய்வதற்குப் பேச்சிலும் எழுத்திலும் படத்திலும் கையாளப்படும் வழிமுறைகள் ஆகும். வற்புறுத்தலும் கையூட்டும் இவற்றுள் அடங்கா. பண்டைய கிரேக்கத்தில் வழக்குமன்றங்களிலும் மக்கள் அவைகளிலும் பேசுவோருக்காக ஆராயப்பட்ட இவ்வுத்திகள், 20ஆம் நூற்றாண்டில் விளம்பரத் துறையின் அடிப்படைக் கருவிகளாயின.

அரிஸ்டாட்டிலின் பகுப்பு

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், பேச்சுக்கலை பற்றிய தமது நூலில் இவ்வுத்திகளை மூன்றாகப் பகுத்தார். பேசுபவர்மீது எழும் நம்பிக்கை ஈத்தோஸ் எனவும், கேட்பவரிடம் எழுப்பப்படும் உணர்ச்சி பாத்தோஸ் எனவும், வாதத்தின் காரணகாரியத் தொடர்பு லோகோஸ் எனவும் வழங்கப்படுகின்றன. நடைமுறையில் இம்மூன்றும் தனித்தனியே வருவது அரிது.

ஈத்தோஸ் குறித்து அவர் கூறும் ஒரு வரையறை பலராலும் கவனிக்கப்படுவதில்லை. அந்நம்பிக்கை பேச்சின் வாயிலாகவே பிறக்க வேண்டும். பேசுபவரைப் பற்றி மக்கள் முன்னரே கொண்டிருந்த எண்ணத்தால் வருவது இக்கலையைச் சேர்ந்ததன்று என்பது அவர் கருத்து. நல்லறிவு, நல்லொழுக்கம், கேட்போர்பால் நல்லெண்ணம் ஆகிய மூன்றும் பேச்சில் புலப்பட்டால் நம்பிக்கை தானே உண்டாகும் என்கிறார். புகழ்பெற்ற ஒருவரின் முகத்தை விலைக்குப் பெற்றுப் பொருளின்மீது ஒட்டும் இன்றைய விளம்பர முறை இதற்கு நேர்மாறானது.

லோகோஸ் பற்றிய பகுதியில் வரும் மற்றொரு கருத்தும் விளம்பரத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. வாதத்தின் படிகள் அனைத்தையும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு படியை விட்டுவிட்டால் கேட்பவரே அதை இட்டு நிரப்பிக்கொள்வார். இவ்வகைக் குறைவாதம் கிரேக்கத்தில் என்த்தைமீம் எனப்பட்டது.

சிகரெட் விளம்பரங்கள்

மேற்கூறிய உத்திகள் ஒன்றுடன் ஒன்று பின்னிச் செயல்படுவதை அமெரிக்க சிகரெட் விளம்பரங்களில் தெளிவாகக் காணலாம். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் தொண்டையைக் குறைவாகவே உறுத்துகிறது என்று 20,679 மருத்துவர்கள் கூறுவதாக 1930இல் ஒரு விளம்பரம் அறிவித்தது. மருத்துவர்களுக்கு இலவசமாக சிகரெட் அனுப்பி, விரும்பிய விடை வரும்படி கேள்வி கேட்டுப் பெற்ற எண்ணிக்கை அது. முழு எண்ணாக 20,000 என்று கூறாமல் கடைசி இலக்கம் வரை கொடுத்தது, எண்ணிப் பார்த்த துல்லியம் என்ற தோற்றத்தைத் தந்தது.

1946இல் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம், வேறெந்த சிகரெட்டையும் விட கேமல் சிகரெட்டையே மிகுதியான மருத்துவர்கள் புகைக்கிறார்கள் என்ற விளம்பரத்தைத் தொடங்கியது. இவ்வாக்கியம் கேமல் உடலுக்கு நல்லது என்று எங்கும் கூறவில்லை. மருத்துவர் உடலை அறிந்தவர், தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ள மாட்டார், ஆகவே இது தீங்கற்றது என்ற எஞ்சிய படிகளைப் படிப்பவரே நிரப்பினார். சொல்லாத ஒன்றைப் பொய் என்று மெய்ப்பிப்பது கடினம் என்பதால், நிறுவனத்திற்கு இது பாதுகாப்பான வழியாகவும் இருந்தது.

புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகளை அமெரிக்காவில் விண்டரும் கிரகாமும், பிரித்தானியாவில் டாலும் ஹில்லும் 1950இல் வெளியிட்டனர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1953இல் சிகரெட் விளம்பரங்களை ஏற்பதை நிறுத்தியது. இதன்பின் மருத்துவர் படங்கள் மறைந்தன. 1954 சனவரி 4 அன்று 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் வெளியான அறிக்கையொன்றில், மக்களின் உடல்நலமே தமக்கு முதன்மையானது என்று சிகரெட் நிறுவனங்கள் கூட்டாக அறிவித்தன. அரிஸ்டாட்டில் கூறிய நல்லெண்ணம் என்ற கூறு இங்கே முழுப்பக்க விளம்பரமாயிற்று. இந்நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2006இல் தீர்ப்பளித்தது. அதன்படி திருத்த அறிக்கைகள் 2017 நவம்பரில்தான் நாளிதழ்களில் வரத்தொடங்கின.

மார்ல்போரோவின் வழி வேறு. முன்னர் பெண்களுக்குரியதாக விற்கப்பட்ட இந்த சிகரெட்டுக்கு, 1950களின் நடுவில் லியோ பர்னட் நிறுவனம் குதிரையில் செல்லும் மாடு மேய்ப்பவரின் உருவத்தை அளித்தது. அப்படத்தில் மறுப்பதற்கு வாதம் என்று எதுவுமே இல்லை.

அச்சமூட்டல்

தொலைவில் உள்ள தீங்கிற்கு மக்கள் அஞ்சுவதில்லை. இறப்பு உறுதி என அறிந்தும் அது அருகில் இல்லாததால் பொருட்படுத்துவதில்லை என்று அரிஸ்டாட்டில் குறிப்பிட்டுள்ளார். விளம்பரதாரர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். 1920களில் லிஸ்டரின் வாய்கழுவும் நீர்மத்தின் விளம்பரங்கள் நோயைக் காட்டவில்லை. வாய் நாற்றத்தால் திருமணம் கைகூடாத பெண்ணைக் காட்டின. அவமானம் நோயைவிட அருகில் இருப்பது.

அச்சத்தை மிகுதியாக்கினால் பயனும் மிகும் என்று கொள்ள முடியாது. 1953இல் ஜேனிஸ், ஃபெஷ்பாக் ஆகியோர் பள்ளி மாணவரிடையே பல் பாதுகாப்பு பற்றி நடத்திய ஆய்வில், மிகக் கடுமையாக அச்சுறுத்தப்பட்ட குழுவே அறிவுரையை மிகக் குறைவாகப் பின்பற்றியது. 1965இல் லெவந்தாலும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, வில்வாத நோய்த் தடுப்பூசி பற்றி மாணவர்களுக்குக் கூறியது. அச்சமூட்டும் செய்தியுடன் மருத்துவமனைக்குச் செல்லும் வழியும் நேரத் திட்டமும் தரப்பட்டவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டனர். அவை தரப்படாதவர்களில் 3 விழுக்காட்டினரே சென்றனர்.

சட்டக் கட்டுப்பாடு

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. மீண்டும் தவறினால் இது 50 இலட்சம் வரை உயரும். கூற்று உண்மைதானா என்று அவர் உரிய முறையில் சரிபார்த்திருந்தால் தண்டம் இல்லை. இவ்வகையில், இரவல் பெற்ற நம்பகத்தன்மைக்கும் ஒரு பொறுப்பு ஏற்பட்டுள்ளது.

சொல்லாமல் உணர்த்துவதைக் கட்டுப்படுத்துவது இதைவிடக் கடினம். புகையிலை விளம்பரங்களை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின், அதே வணிகப் பெயரில் ஏலக்காய், பாக்கு போன்ற பொருட்கள் விளம்பரப்படுத்தப்பட்டன. காட்டப்பட்டது ஏலக்காய், நினைவுக்கு வந்தது புகையிலை. இத்தகைய பதிலி விளம்பரங்களை 2022 சூனில் வெளியான வழிகாட்டு நெறிகள் தடைசெய்தன.