தோம்ப் மடமும் தெய்சே குன்றும்: கத்தோலிக்க, சீர்திருத்தத் துறவுச் சமூகங்களின் நட்பு எதைச் சாதித்தது?

கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய எழுத்துகளில் நட்புக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு வேலைதான் கொடுக்கப்படுகிறது. இறையியலாளர்கள் கூடிப் பேசும்முன் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள் என்ற முன்னுரை வரி ஒன்று. அதற்குப் பின் கட்டுரை கோட்பாட்டுக்குள் நுழைந்துவிடும். இல்லையேல், கோட்பாடு பிரிக்கும், அன்பு சேர்க்கும் என்று சொல்லிக் கோட்பாட்டையே ஓரங்கட்டுவதற்கு நட்பு பயன்படும். 20ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் லியோன் நகரை ஒட்டிய தோம்ப் வட்டாரத்திலும் பர்கண்டியின் தெய்சே சிற்றூரிலும் நடந்தவற்றை இவ்விரு பார்வைகளாலும் விளக்க முடியாது. அங்கே நட்பு வேறுபாடுகளைத் தீர்த்துவிடவில்லை. மூடி மறைக்கவும் இல்லை. யாருடைய குறையை யார் எடுத்துச் சொல்வது என்ற வழக்கத்தை அது மாற்றியது. நானூறு ஆண்டுகளாக ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பின் குற்றப்பட்டியலையே எழுதிவந்தது. இங்கே தன் பட்டியலைத் தானே எழுதும் பழக்கம் பிறந்தது. அதற்குத் துறவு மடத்தின் சூழல் ஏன் வேண்டியிருந்தது, எந்த இடத்தில் அது நின்றுபோனது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

காலச்சூழல் சாதகமாக இல்லை. 1928இல் பதினொன்றாம் பயஸ் வெளியிட்ட 'மொர்த்தாலியும் அனிமோஸ்' சுற்றுமடல், கத்தோலிக்கர் பிற சபையாரின் ஒன்றிப்பு மாநாடுகளில் கலந்துகொள்வதைத் தடுத்தது. பிரிந்து போனவர்கள் திரும்பி வருவதே ஒன்றிப்பு என்பது அதன் நிலை. அந்த ஆண்டுகளில் லியோனில் ஒரு பள்ளியில் அறிவியல் கற்பித்துவந்த அருட்பணியாளர் போல் கூத்யூரியே (1881–1953), புரட்சிக்குப் பின் அங்கு வந்து சேர்ந்த ரஷ்ய அகதிகளுக்கு உதவப்போய், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்தை முதன்முறையாக அருகிலிருந்து பார்த்தார். 1932இல் பெல்ஜியத்தின் ஆமே பெனடிக்ட் மடத்தில் சிறிது காலம் தங்கினார். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நோக்கோடு லாம்பேர் போதுவேன் 1925இல் நிறுவிய மடம் அது. ஊர் திரும்பிய கூத்யூரியே, அமெரிக்காவில் பால் வாட்சன் 1908இல் தொடங்கிய சனவரி 18–25 மன்றாட்டு எண்கிழமையைக் கையில் எடுத்து, அதன் உள்ளடக்கத்தை மாற்றினார். பிறர் ரோமாபுரிக்குத் திரும்ப வேண்டும் என்ற வேண்டுதலின் இடத்தில், கிறிஸ்து விரும்பும் ஒன்றிப்பு அவர் விரும்பும் வழியில் வரட்டும் என்ற வேண்டுதலை வைத்தார். பார்வைக்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் முந்தைய வேண்டுதலைக் கத்தோலிக்கர் மட்டுமே சொல்ல முடியும். பிந்தியதை எவரும் தம் சபையைக் கைவிடாமல் சொல்லலாம்.

1937இல் அவர் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தச் சபைப் போதகர்கள் சிலரையும் கத்தோலிக்கக் குருக்கள் சிலரையும் தோம்ப் அன்னை மடத்தில் கூட்டினார். அது அப்போது திராப்பிஸ்ட் துறவியரின் மடமாக இருந்தது. மௌனமும் மணிக்கணக்கான செபமும் அவர்களது அன்றாடம். மாநாட்டு மண்டபத்தில் கூடியிருந்தால் அது மாநாடு ஆகியிருக்கும். மடத்தில் கூடியது தியானம் ஆயிற்று. தடை நிலவிய காலத்தில் இந்த வேறுபாடு உதவியிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். ஆனால் அதைவிட முக்கியமான பயன் வேறொன்று. வாதம் முற்றும் நேரத்தில் மணி அடிக்கிறது, எல்லாரும் எழுந்து கோவிலுக்குப் போகிறார்கள், திருப்பாடல் முடிந்து திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்கிறார்கள். விவாதத்துக்கு வெளியே ஒரு நேர ஒழுங்கு இருந்தது. அதை எந்தத் தரப்பும் வகுக்கவில்லை. வென்று முடிக்கும் அவசரத்துக்கு அங்கே இடமில்லை.

இக்குழுவின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். பின்னாளில் அது பிரெஞ்சு பேசும் நாற்பது பேர் கொண்டதாக, பாதி கத்தோலிக்கர் பாதி சீர்திருத்தச் சபையார் என நிலைபெற்றது. எவரும் தம் சபையின் பிரதிநிதி அல்லர். ஆயர் மன்றமோ சபைச் சங்கமோ அனுப்பி வைத்தவர்கள் அல்லர். குழுவே தன் உறுப்பினரைத் தேர்ந்துகொண்டது. அதிகாரபூர்வமான உரையாடலில் அமர்பவர் தம் சபையின் நிலையைக் காக்கும் வழக்கறிஞராகிவிடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஊருக்குத் திரும்பியதும் அனுப்பியவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா? தோம்பில் அந்தச் சுமை இல்லை. 1956 முதல் குறுகிய முன்மொழிவுகளாக வந்துகொண்டிருந்த அவர்களது முடிவுகள், 1970களில் நற்கருணை, திருப்பணி ஆகியவை பற்றிய முழு ஆவணங்களாக வளர்ந்தன. நற்கருணை பற்றிய ஆவணத்தின் தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிகிறது. சபை ஆவணங்களில் கேள்விக்குறியைக் காண்பது அரிது.

அவர்களது முறை முழுமையாக வெளிப்படுவது 1991இல் சபைகளின் மனமாற்றம் பற்றி வெளியிட்ட நூலிலும், 1997–98இல் மரியா பற்றி இரு பகுதிகளாக வெளியிட்ட நூலிலுமாகும். முதல் நூலின் வாதம் இது: மனமாற்றம் தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று, சபைக்கும் உண்டு, ஒவ்வொரு மரபின் தனி அடையாளத்துக்கும் உண்டு. மனமாறினால் அடையாளம் போய்விடும் என்ற அச்சம் தவறு. மனமாறாத அடையாளமே இறுகிச் செத்துப்போகிறது. இதை வாசிக்கும் எவரும், சொல்ல எளிது என்றே நினைப்பார்கள். அதனால்தான் மரியா நூல் முக்கியமாகிறது. இரு தரப்புக்கும் இடையே மிகவும் புண்பட்ட இடத்தில் அந்த முறையை வைத்துப் பார்த்தார்கள்.

அமல உற்பவம் 1854இலும் விண்ணேற்பு 1950இலும் கத்தோலிக்கத் திருச்சபையில் மறைக்கோட்பாடுகளாக அறிவிக்கப்பட்டவை. இரண்டும் 16ஆம் நூற்றாண்டுப் பிரிவுக்குப் பின் வந்தவை. பிரிந்தவர்கள் இல்லாத வீட்டில் எடுத்த முடிவுகள். மரியா நூல் விவிலியத்தையும் வரலாற்றையும் சேர்ந்து வாசித்த பின், ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியாகப் பேசவிடுகிறது. கத்தோலிக்கர் தம் பக்தி முயற்சிகளில் மரியா கிறிஸ்துவின் இடத்தை நெருங்கும் அளவுக்கு மிகைப்பட்டதைத் தாமே சொல்கிறார்கள். சீர்திருத்தச் சபையார், அந்த மிகையைக் கண்டு அஞ்சித் தாங்கள் மரியாவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டதையும், லூத்தர் முதலானோர் அவரைப் போற்றிய அளவுக்குக்கூடத் தங்கள் மறையுரைகள் போற்றாததையும் ஒப்புக்கொள்கிறார்கள். அதன் பிறகுதான் முன்மொழிவு வருகிறது: முழு ஒன்றிப்புக்கு நிபந்தனையாக இவ்விரு கோட்பாடுகளையும் ஏற்கும்படி கத்தோலிக்கத் திருச்சபை கேட்க வேண்டாம், மறுதரப்பு அவற்றை நற்செய்திக்கு முரணானவை எனத் தீர்ப்பிடாமல் மதித்தால் போதும். இந்த முன்மொழிவை ரோமாபுரி இன்றுவரை தன் நிலையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் முன்மொழிவு நிற்கும் வரிசை கவனத்துக்குரியது. தன் குறையைச் சொன்னவர் கேட்கும் சலுகை, எதிராளியிடம் பிடுங்கும் சலுகையாகத் தோன்றுவதில்லை. அறுபது ஆண்டு பழகியிராத இரு குழுக்கள் இதை எழுதியிருந்தால், ஒரு தரப்பின் ஒப்புதலை மறுதரப்பு உடனே வழக்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கும்.

தெய்சேயின் கதை வேறு. சுவிஸ் சீர்திருத்தச் சபைப் போதகரின் மகனான ரோஜர் ஷூட்ஸ் 1940 ஆகஸ்டில், 25 வயதில், க்ளூனிக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூருக்குத் தனியாக வந்து ஒரு வீட்டை வாங்கினார். செருமானியர் பிடித்த பகுதியைப் பிரிக்கும் எல்லைக்கோடு பக்கத்திலேயே இருந்தது. தம் சகோதரி ழெனவியேவ் துணையோடு யூதர் உள்ளிட்ட அகதிகளுக்கு அடைக்கலம் தந்தார். 1942இல் விஷயம் வெளிப்பட்டுவிட, ஜெனிவாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் மாக்ஸ் தூரியன் முதலிய தோழர்களோடு திரும்பினார். 1949 உயிர்ப்பு ஞாயிறன்று ஏழு பேர் வாழ்நாள் வார்த்தைப்பாடு எடுத்தார்கள். துறவற வார்த்தைப்பாடுகளைக் கண்டித்து லூத்தர் 1521இல் எழுதியது சீர்திருத்த மரபின் இரத்தத்தில் ஊறியிருந்தது. ஆகவே தெய்சே முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது தன் சொந்த வீட்டாருக்குத்தான். சுவிட்சர்லாந்தின் கிராங்ஷான் சகோதரிகளும் தெய்சே ஒழுங்குவிதியை ஏற்று அதே பாதையில் வந்தபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மறுபுறத்தில் கூத்யூரியே 1941இலேயே தெய்சேக்கு வந்து பார்த்தார். ரோஜரும் தூரியனும் தோம்ப் சந்திப்புகளில் பங்கேற்றார்கள். ஊரின் பழைய கத்தோலிக்கக் கோவிலில் செபிக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்த காலத்தில், பாரிசில் திருத்தந்தையின் தூதராயிருந்தவர் ரொன்காலி. பின்னாளில் இருபத்துமூன்றாம் யோவானாகி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியபோது, ரோஜரையும் தூரியனையும் அங்கே அழைத்தார்.

1966இல் 13ஆம் நூற்றாண்டு மரபைக் கொண்ட கத்தோலிக்கப் புனித அந்திரேயா சகோதரிகள், தெய்சேக்கு வரும் இளைஞரை வரவேற்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள அங்கு வந்தார்கள். 1969இல் கத்தோலிக்கர் தெய்சே சகோதரர்களாகவே சேரத் தொடங்கினர். இங்கேதான் தோம்புக்கும் தெய்சேக்கும் உள்ள வேறுபாடு கடுமையாகிறது. தோம்பில் ஆண்டுக்குச் சில நாள் கூடியவர்கள் வீடு திரும்பித் தத்தம் பலிபீடத்தில் நிற்கலாம். தெய்சேயில் ஒரே வீட்டில், ஒரே ஒழுங்கின் கீழ் வாழ்பவர்கள் ஒவ்வொரு நாளும் திருவிருந்தின் முன் நிற்க வேண்டும். நட்பு நெருங்க நெருங்கப் பிளவு மங்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது. நெருக்கம் கூடக்கூட, மிச்சமிருக்கும் ஒரே பிளவு எல்லார் கண்ணிலும் நிரந்தரமாகப் படுகிறது.

அதன் விளைவுகளை இருவரின் வாழ்க்கையில் காணலாம். திருமுழுக்கு, திருவிருந்து, திருப்பணி பற்றி உலகச் சபைகளின் மன்றம் 1982இல் லீமாவில் முடித்த ஆவணத்துக்குப் பின்னால் முதன்மையாக உழைத்தவர்களில் ஒருவர் தூரியன். அந்த ஆவணத்துக்கு வத்திக்கான் 1987இல் அதிகாரபூர்வப் பதில் அளித்தது. அதே ஆண்டில் தூரியன் நேப்பிள்ஸில் கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். செய்தி பின்னரே வெளிவந்தது. சீர்திருத்தச் சபையார் பலருக்கு அது நம்பிக்கைத் துரோகமாகப் பட்டதில் வியப்பில்லை. சபைகள் மனமாற வேண்டும் என்ற முறைக்கு எதிரே, தனிமனிதர் சபை மாறுவது என்ற பழைய வழி மீண்டும் தலைகாட்டியது. ரோஜரோ சபை மாறியதாக அறிவிக்கவேயில்லை. தம் பூர்வ விசுவாசத்தையும் கத்தோலிக்க விசுவாசத்தின் மறைபொருளையும் தமக்குள் ஒப்புரவாக்கிக்கொண்டதாகவும், யாரோடும் உறவை முறிக்கவில்லை என்றும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 1970களிலிருந்தே கத்தோலிக்க நற்கருணையைப் பெற்றுவந்தார். 2005 ஏப்ரலில் இரண்டாம் யோவான் பவுலின் அடக்கத் திருப்பலியில் கர்தினால் ராட்சிங்கர் கையால் நற்கருணை பெற்றது உலகெங்கும் ஒளிபரப்பாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 மாலைச் செபத்தின்போது மனநிலை பாதித்த ஒரு பெண்ணின் கத்திக்குத்தில் அவர் இறந்தார். அவரது அடக்கத் திருப்பலியை நிறைவேற்றிய கர்தினால் வால்ட்டர் காஸ்பர், ரோஜர் மறைவாகச் சபை மாறியவர் என்று 2006இல் எழுந்த கூற்றைப் பின்னர் மறுத்தார்.

ரோஜரின் நிலையைச் சிலர் தெளிவின்மை என்கிறார்கள். நான் அதை ஓர் அரைத் தீர்வு என்பேன். ஒருவருக்கு, அவருடைய புனிதத்தின் பெயரால் கிடைத்த விலக்கு அது. மற்றவருக்கு அது விதியாகவில்லை. தோம்ப் முறைக்கு இருந்த வலிமை, எழுத்தில் இருந்ததால் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது. ரோஜரின் வழி ஆளோடு நின்றது. எனினும், அவருக்குப் பின் கத்தோலிக்கரான ஆலோயிசும், 2023 முதல் ஆங்கிலிக்கரான மாத்யூவும் தலைமை ஏற்க முடிந்தது என்பது, நிறுவனமாகத் தெய்சே தன் நிறுவனரைத் தாண்டிவிட்டதைக் காட்டுகிறது.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானது அன்று. தெய்சே சகோதரர்கள் 1980களில் சென்னையில் பன்னாட்டு இளைஞர் கூட்டங்களை நடத்தினார்கள். கூத்யூரியே மாற்றியமைத்த அந்தச் சனவரி வாரத்தைத் தமிழ்நாட்டில் கத்தோலிக்கப் பங்குகளும் தென்னிந்தியத் திருச்சபையும் லூத்தரன் திருச்சபையும் கூடிக் கொண்டாடுகின்றன: ஒரு பாடகர் குழு, இரு மரபிலிருந்தும் மறையுரை, தேநீர். வாரத்தை எடுத்துக்கொண்டோம், முறையை விட்டுவிட்டோம். தோம்ப் முறையை இங்கே வைத்தால் முதலில் எழுத வேண்டியது நற்கருணை பற்றிய அத்தியாயமாக இராது. சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்களும், தலித் கிறிஸ்தவர் இரு மரபுகளிலும் பட்ட விலக்கலும் மறுதரப்பின் குறைகளாகப் பேசப்பட்டிருக்கின்றன. இரு தரப்பும் ஒன்றாக அமர்ந்து தத்தம் பகுதியைத் தாமே எழுதும் ஆவணமே இங்கு முதல் அத்தியாயமாக வேண்டும். அதற்கு ஆயர்களின் ஆணை தேவையில்லை என்பதைத் தோம்ப் காட்டியிருக்கிறது. தேவைப்படுவது, ஆண்டுதோறும் அதே நாற்பது பேர் அதே இடத்தில் கூடுவதும், முடிவை அவசரப்படுத்தாத ஒரு மடமும்தான்.