நவஹோ-சுர்ரோ செம்மறி

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கும் வறண்ட மேட்டுநிலத்தில், நவஹோ பழங்குடியினர் வளர்த்துவரும் செம்மறி இனம் நவஹோ-சுர்ரோ. கையால் நூற்கவும் கம்பளம் நெய்யவும் பேர்போன ரோமம் இதனுடையது. சிற்றுடல், நீண்ட கால்கள், ரோமமற்ற முகம். கிடாக்களில் சிலவற்றுக்கு நான்கு கொம்புகள் முளைக்கும். வெள்ளை, கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு எனப் பல நிறங்களை ஒரே மந்தையில் காணலாம். இந்த இனத்தின் வரலாற்றில் இரண்டு முறை அரசே மந்தைகளைக் கொன்று குவித்தது. இடையில் ஒரு முறை, இனத்தை மேம்படுத்துவதாகச் சொல்லி அதன் ரோமத்தைக் கெடுத்தது. மேம்பாட்டால் வந்த சேதமும் லேசானதல்ல.

இதன் மூதாதை ஸ்பெயினின் சுர்ரா ஆடு. அந்நாட்டில் மெரினோ ஆடுகள் அரசருக்கும் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் செல்வமாக இருந்தன; அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருந்தது. சுர்ராவோ குடியானவரின் ஆடு. பாலுக்கும் இறைச்சிக்கும் உதவும், கிடைத்ததைத் தின்னும், நெடுந்தூரம் நடக்கும். ஆகவே அமெரிக்காவுக்குக் கப்பலேறியது அதுதான். 1540இல் ஸ்பானியத் தளபதி கொரொனாடோவின் படை செம்மறிகளை உணவுக்காக வடக்கே ஓட்டிவந்தது. நிலையான மந்தைகள் உருவானது 1598க்குப் பிறகு. ஹுவான் தெ ஓன்யாத்தே ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் குடியேற்றம் அமைத்தபோது. பண்டமாற்றாகவும் கொள்ளையாகவும் ஆடுகள் நவஹோக்களிடம் வந்து சேர்ந்தன. நெசவை அவர்கள் அண்டையிலிருந்த புவெப்லோ மக்களிடம் கற்றார்கள் என்பது அறிஞர் கருத்து. புவெப்லோக்களிடையே பருத்தியை நெய்தவர்கள் ஆண்கள். நவஹோக்களிடம் கம்பளித் தறி பெண்களின் கைக்கு வந்தது. தாய்வழிச் சமூகமான அங்கே மந்தையிலும் பெரும்பங்கு பெண்களுக்கே உரியது.

சுர்ரோவின் ரோமம் இரண்டு அடுக்காக வளரும். உள்ளே குளிர் தாங்கும் மென்மயிர். வெளியே, மழையையும் புழுதியையும் தடுக்கும் நீண்ட முரட்டு மயிர். வெளிமயிர் பெரும்பாலும் அரையடிக்கு மேல் நீளும். இரண்டும் சேர்ந்தே நூலாகின்றன. உள்மயிர் நூலுக்குப் பருமன் தருகிறது. வெளிமயிர் உறுதியும் மினுமினுப்பும் தருகிறது. கம்பளிப் பிசுக்கு மிகக் குறைவு என்பதுதான் இதன் பெருஞ்சிறப்பு. மெரினோ வகை ரோமத்தைக் கழுவினால் பிசுக்கும் அழுக்குமாய்ப் பாதி எடை போய்விடும். கழுவவும் நிறையத் தண்ணீர் வேண்டும். குடிதண்ணீரையே தொலைவிலிருந்து கொண்டுவரும் நாட்டில் அது நடக்கிற காரியமா? சுர்ரோ ரோமத்தை உதறி, புழுதி போக்கி, தேவைப்பட்டால் யூக்கா செடியின் கிழங்கை நசுக்கிய நுரையில் அலசினாலே போதும்.

நூற்கும் கருவி நம் தக்களியின் உறவுதான், ஆனால் அந்தரத்தில் தொங்காது. வட்டப் பலகை கோத்த நீண்ட மரக்குச்சி அது. நூற்பவள் தரையில் உட்கார்ந்து, குச்சியின் அடிநுனியைத் தரையில் ஊன்றி, வலக்கையால் அதைத் தொடைமேல் உருட்டுவாள். இடக்கை ரோமத்தை இழுத்து இழுத்து மெலிய விடும். முதல் தடவை வருவது விரல் பருமனான தளர்ந்த திரி. அதையே மறுபடியும் மறுபடியும் நூற்றால்தான் ஊடைக்கான இழை வரும். பாவு நூலுக்கு முறுக்கு இன்னும் ஏற வேண்டும். தறியில் நெடுநாள் இழுபட்டும் உரசியும் நிற்க வேண்டியது அதுதான். நூற்பதற்கும் ரோமம் வாருவதற்கும் ஆகும் நேரம் பல சமயம் நெய்யும் நேரத்தை மிஞ்சிவிடும்.

இந்த நூலில் நெய்த போர்வைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமவெளிப் பழங்குடித் தலைவர்கள் விலை கொடுத்து வாங்கிய பொருள். சிவப்பு வேண்டுமென்றால் ஐரோப்பியத் துணிகளைப் பிரித்து அந்த இழையையே மறுபடி பயன்படுத்தினார்கள். அக்கால நெசவைக் காலவரிசைப்படுத்த ஆய்வாளருக்கு உதவியவை ஒரு கொலைக்களத்தில் கிடைத்த துணித் துண்டுகள்: 1805இல் ஸ்பானியப் படை நூற்றுக்கும் மேற்பட்ட நவஹோக்களைச் சுட்டுக்கொன்ற கன்யோன் தெல் முவெர்த்தோ குகையில் எஞ்சியவை.

1863இல் கிட் கார்சன் தலைமையில் அமெரிக்கப் படை வந்தது. வயல்களை எரித்தார்கள், பீச் தோப்புகளை வெட்டினார்கள், ஆடுகளைக் கொன்றார்கள். பட்டினியால் பணிந்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடத்தப்பட்டு போஸ்கே ரெடோண்டோ முகாமில் அடைக்கப்பட்டனர். 1868 ஒப்பந்தம் அவர்களை ஊர் திரும்ப விட்டது. 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் தரப்படும் என்று அதில் ஒரு விதி இருந்தது. அவற்றோடு, பள்ளத்தாக்குகளில் ஒளித்துக் காக்கப்பட்ட ஆடுகளும் சேர்ந்து மந்தைகள் மீண்டும் பெருகின.

அடுத்து ரயில் வந்தது, கூடவே வணிகர்கள். கம்பளத்தை எடைபோட்டு வாங்கும் வழக்கம் பரவியதும் தடித்த, அழுக்கு நீங்காத நூலுக்கும் காசு கிடைத்தது. ஆலைச் சாய நூலும் புகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இறைச்சியும் மெல்லிய ரோமமும் கூடட்டும் என்று அதிகாரிகள் மெரினோ வழிவந்த ரம்புயே இனக் கிடாக்களைக் கலந்தார்கள். பிறந்த குட்டிகளின் ரோமம் குட்டையாய், சுருண்டு, பிசுபிசுத்தது. ஆலைக்கு அது உயர்ந்த சரக்கு. தொடைமேல் குச்சியை உருட்டுபவளுக்கோ முடிச்சு முடிச்சாக வரும் தொல்லை. 1935இல் அரசே இந்தத் தவற்றைக் கண்டு, பழைய வகை ஆடுகளைத் திரட்டிக் கைநூற்புக்கேற்ற ரோமத்தை மீட்க ஃபோர்ட் விங்கேட்டில் ஆய்வுக்கூடம் தொடங்கியது.

அதே ஆண்டுகளில் இன்னொரு அரசுத் துறை ஆடுகளை ஒழித்துக்கொண்டிருந்தது. மேய்ச்சலால் மண் அரிக்கிறது, வண்டல் ஹூவர் அணையை நிரப்பிவிடும் என்பது காரணம். பழங்குடி விவகார ஆணையர் ஜான் காலியர் தலைமையில் மந்தைக் குறைப்பு நடந்தது. மண்ணரிப்பு உண்மைதான். ஆனால் பேச்சு நடந்தது ஆண்கள் நிறைந்த மன்றத்தோடு. ஆடு போனது பெண்களுக்கு. ஓட்டிச் செல்ல வசதியில்லாத இடங்களில் சுட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காயம் நவஹோ முதியோரின் பேச்சில் நெடுங்காலம் ஆறாமல் இருந்தது. ஃபோர்ட் விங்கேட் ஆய்வுக்கூடமும் 1966இல் மூடப்பட்டது.

1970களில் பழைய வகை ஆடுகள் சில நூறுதான் மிஞ்சின. 1977இல் கால்நடை அறிஞர் லைல் மெக்நீல் நவஹோ செம்மறித் திட்டத்தைத் தொடங்கினார். ஒதுக்குப்புறக் கிடைகளைத் தேடிப்போய் ஆடுகளைச் சேர்த்து, பெருக்கி, நவஹோக் குடும்பங்களுக்கே திருப்பித் தந்தார். 1986இல் இனப்பதிவுச் சங்கம் உருவானது. ஆடு மேய்ப்பவரும் நெய்பவரும் சேர்ந்து 1991இல் தங்களுக்கென ஓர் அமைப்பு கண்டார்கள். இன்று ஆடுகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து சுர்ரோ முற்றாக நீங்கவில்லை.

பதிவு கேட்டு வரும் ஒவ்வொரு ஆட்டையும் சங்கம் தனித்தனியே சோதிக்கிறது. பெற்றோர் பதிவு பெற்றவை என்பது மட்டும் போதாது. ரோமம் ஒரே அடுக்காய், சுருண்டு, பிசுக்கோடு வளர்ந்திருந்தால் அது குறை. ரம்புயே கிடாக்களைக் கொண்டுவந்தவர்கள் விரும்பியது சரியாக அந்த ரோமத்தைத்தான்.